எழுபது பேர் வந்த குழுவில் இப்போது ஏழு பேர்: மூடிவிடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வயது 28. சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் டெவலப்பராக இருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பசங்களுக்கு இந்தத் துறையில் வழி சொல்ல ஆள் இல்லையே என்று போன வருடம் நானும் நண்பனும் சேர்ந்து ஒரு டெவலப்பர் குழு ஆரம்பித்தோம். முதல் சந்திப்பு ஒரு கல்லூரியின் கருத்தரங்குக் கூடத்தில் நடந்தது. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஏஐ பற்றிப் பேசினார். எழுபது பேர் வந்தார்கள். அடுத்த மாதம் நாற்பது, அதற்கடுத்த மாதம் பதினைந்து. கூடமும் கைவிட்டுப் போனது. இப்போது மாமாவின் ஜெராக்ஸ் கடை மாடியில், எங்களுக்கு வசதிப்பட்ட சனிக்கிழமைகளில் மாலை ஆறரைக்குக் கூடுகிறோம். ஏழு பேர் வருகிறார்கள். ஆரம்பத்தில் வந்த பெண்கள் ஏனோ இப்போது வருவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் 340 பேர் இருக்கிறார்கள். குட்மார்னிங்கும் வேலை விளம்பரமும்தான் ஓடுகிறது. பேசக் கூப்பிட்டால் ‘அவ்வளவு தூரமா?’ என்கிறார்கள். வேலை கிடைத்தவர்கள் அப்புறம் எட்டிப்பார்ப்பதே இல்லை. தமிழில் பேசினால் இன்டர்வியூவுக்கு உதவாது என்று சிலர் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஒரு பயிற்சி நிறுவனம் ஏசி ஹால், டீ-ஷர்ட், சாப்பாடு எல்லாம் தருகிறோம், வருகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் மட்டும் கொடுங்கள் என்கிறது. நண்பன் ஒத்துக்கொள்ளலாம் என்கிறான். எனக்கு எல்லாவற்றையும் மூடிவிடலாமா என்று இருக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, மூட வேண்டாம். கடிதத்தைப் படித்ததும் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெரிய பிரச்சினை என்று எழுதியிருப்பது எனக்குச் சின்னதாகப் படுகிறது. போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிதான் பெரிதாகப் படுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் எண்ணிக்கை. அந்த எழுபது பேர் ஏஐ பற்றி ஒரு பேச்சைக் கேட்க வந்தவர்கள். கல்லூரிக் கூடம் என்பதால், அட்டெண்டன்ஸ் உண்டு என்று துறையிலிருந்து அனுப்பிவைத்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். பேச்சு முடிந்தது, கலைந்துவிட்டார்கள். ஜெராக்ஸ் கடை மாடிப்படி ஏறி மூன்றாவது, நான்காவது முறையாக வருகிற ஏழு பேர்தான் உங்கள் குழு. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, ‘இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று கேட்பதற்கு ஏழு பேர் தாராளம். எழுபது பேரை வைத்துக்கொண்டு அதைச் செய்யவே முடியாது.

தலை எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு நோட்டில் இரண்டு விஷயங்களைக் குறித்து வாருங்கள். முதல் முறை வந்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள்? நீங்கள் காய்ச்சலில் படுத்த வாரம் சந்திப்பு நடந்ததா? இரண்டாவது கேள்விக்கு இப்போதைக்கு ‘நடக்காது’ என்பதுதான் பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன். இடம் பிடித்தது நீங்கள், பேச்சாளரைத் தேடியது நீங்கள், வாட்ஸ்அப்பில் எல்லோரையும் கூவிக் கூவி அழைப்பதும் நீங்கள். சோழிங்கநல்லூரில் வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு, போக வர அறுபது கிலோமீட்டர் பக்கம் அலைகிற ஒருவர் இத்தனையும் தனியாகச் செய்தால் மூடிவிடலாம் என்றுதான் தோன்றும். குழு சரியில்லை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. உங்களுக்கு அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக் கேரம் கிளப்புகளைப் பாருங்கள். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்றபோது ஊரே திரும்பிப் பார்த்தது. ஊர் பார்க்காத காலத்திலும் சாயந்தரம் ஆனால் ஏதோ ஒரு ஷட்டரை யாரோ தூக்கி, விளக்கைப் போட்டு, போர்டில் பவுடர் தூவி வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சிறப்பு விருந்தினரும் கிடையாது, போஸ்டரும் கிடையாது. சாவி ஒரே ஆளிடம் இருந்தால், அவர் கல்யாணமாகி ஆவடிப் பக்கம் குடிபோனதும் கிளப்பும் முடிந்துபோகும். நாலு பேரிடம் இருந்தால் அப்பா ஆடிய போர்டில் பிள்ளையும் ஆடுவான்.

உங்கள் குழுவின் சாவிகளை எழுதிப் பாருங்கள். இடத்தைத் திறப்பது, அறிவிப்பு போடுவது, டிவியில் மாட்ட எச்டிஎம்ஐ ஒயர் கொண்டுவருவது, டீக் கணக்கு, அடுத்த முறை யார் பேசுவது என்று பார்த்துக்கொள்வது. ‘யார் செய்கிறீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்டால் ஏழு பேரும் தரையைப் பார்ப்பார்கள். ஆளைப் பார்த்து, பெயர் சொல்லி, ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு சந்திப்புக்கு வேண்டுமென்றே போகாமல் இருங்கள். போன் பண்ணி ‘எத்தனை பேர் வந்தார்கள்?’ என்றும் விசாரிக்காதீர்கள். சொதப்பினால் சொதப்பட்டும், அடுத்த முறை அவர்களே ஒயரை மறக்காமல் எடுத்து வருவார்கள்.

அடுத்தது நாள். வசதிப்பட்ட சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வழக்கத்தை இந்த மாதத்தோடு விட்டுவிடுங்கள். சென்னைப் பைத்தான் பயனர் குழு என்றால் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை, தரமணி கணித அறிவியல் நிறுவனம். லினக்ஸ் பயனர் குழு என்றால் இரண்டாவது சனிக்கிழமை, ஐஐடி. பல வருடங்கள் இதுதான் வழக்கமாக இருந்தது, வருகிறவர்களுக்கு மனப்பாடம். நடுவில் ஒரு வருடம் வராமல் போனவர்கூட, விசாரிக்காமல் நேரே வந்து உட்கார்ந்துவிட முடிந்தது. உங்களுக்கு மாதம் ஒரு முறை போதாது என்பது என் எண்ணம். கல்லூரி மாணவன் ஒரு சந்திப்பைத் தவறவிட்டால் இரண்டு மாத இடைவெளி விழுந்துவிடும். அதற்குள் செமஸ்டர் வந்துவிடும். முதல் ஞாயிறு, மூன்றாவது ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தாலும் ஐபிஎல் இறுதிப் போட்டி நடந்தாலும் உண்டு. இரண்டே பேர் வந்தாலும் நடந்ததாகக் கணக்கு.

ஏன் ஞாயிறு என்று கேட்பீர்கள். இப்போதுதான் அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். ‘பெண்கள் ஏனோ வருவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஏனோ’வில்தான் எனக்கு வருத்தம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சனிக்கிழமை மாலை ஆறரைக்கு ஆரம்பித்தால் முடிய எட்டரை ஆகும். ஜெராக்ஸ் கடை மாடிக்கு ஏறிப் போக வேண்டும். அங்கே கழிப்பறை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் அதில் தாழ்ப்பாள் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிற ஒரு பெண் எட்டரைக்கு அங்கிருந்து கிளம்பி வீடு போய்ச் சேருவதை அவள் வீட்டில் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. பல குழுக்களில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த அன்று ராத்திரியே யாரோ ஒருவன் அந்தப் பெண்ணுக்குத் தனியாக ‘ஹாய்’ அனுப்புவான். 340 பேர் கையில் அவள் நம்பர் இருக்கிறது. அவள் புகார் சொல்ல மாட்டாள், சத்தமில்லாமல் வெளியேறிவிடுவாள். இன்னொன்று டீக்கடை. சந்திப்பு முடிந்ததும் நீங்கள் எல்லோரும் கீழே இறங்கி டீ குடிப்பீர்கள். அடுத்து என்ன செய்வது, யார் பேசுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். பெண்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடுத்த முறை வரும்போது எல்லாம் முடிவாகி இருக்கும். இரண்டு தடவை இப்படி நடந்தால், நமக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றாதா?

எனவே ஞாயிறு மதியம் மூன்று முதல் ஐந்து வரை என்று வையுங்கள். காலையில் வைத்தால் ராயபுரம், காசிமேடு பக்கத்து வீடுகளில் பலர் சர்ச்சுக்குப் போயிருப்பார்கள். மற்ற வீடுகளில் மீன் வாங்கக் கிளம்பியிருப்பார்கள். மூன்று மணிக்குப் பிரியாணி சாப்பிட்ட கண் சொக்கும்தான். அதற்குத்தான் டீ. அந்த டீயும் கூடத்துக்குள்ளேயே வரட்டும், முடிவுகளும் அங்கேயே எடுக்கப்படட்டும். அடுத்து, வராமல் போன பெண்களில் இரண்டு மூன்று பேரிடம் காரணம் கேளுங்கள். நீங்கள் நேரடியாகக் கேட்காமல், அவர்களோடு படித்த ஒரு பெண் மூலமாகக் கேட்பது நல்லது. யாரிடம் புகார் சொல்லலாம் என்று ஓர் ஆண், ஒரு பெண் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடத்தை விதிகள் என்று பெரிய ஆவணம் எதுவும் வேண்டாம்; தமிழில் ஐந்து வரி எழுதி, புதியவர் யாராவது வரும் நாளில் வாசித்துக் காட்டுங்கள். மீறுகிறவனை நண்பன் என்று பார்க்காமல் வெளியே அனுப்புவதுதான் கஷ்டம். அதை ஒரு முறை செய்துவிட்டால் போதும், செய்தி தானாகப் பரவும்.

இடத்துக்கு என் யோசனை, டியூஷன் சென்டர். நம் பக்கம் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. ஞாயிறு மதியம் பெரும்பாலும் காலி. பெஞ்ச், போர்டு, மின்விசிறி, கழிப்பறை எல்லாம் இருக்கும், பிள்ளைகள் வந்துபோகிற இடம் என்பதால் பெற்றோருக்கும் பயம் இருக்காது. தரைத்தளமாக இருந்தால் இன்னும் நல்லது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூர், காலடிப்பேட்டை ஆட்களுக்குத் தண்டையார்பேட்டை எட்டிவிடும் தூரம்தான். ஆகவே ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தொலைவில் தேடுங்கள். வியாசர்பாடி, எம்கேபி நகர்ப் பிள்ளைகளுக்கு மெட்ரோ உதவாது. ஷேர் ஆட்டோவில்தான் வர வேண்டும், அதையும் மனத்தில் வையுங்கள். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் தனியாக உட்கார்ந்து படிக்கவும் வேலை பார்க்கவும் அருமையான இடம். வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள். ஏழு பேர் சத்தம் போட்டு விவாதிக்க அது தோதுப்படாது.

பேச்சாளர்கள் ‘அவ்வளவு தூரமா?’ என்று கேட்கிறார்கள் என்றீர்கள். திருவொற்றியூரிலிருந்து கடற்கரை நிலையம் வந்து, பறக்கும் ரயிலுக்கு மாறித் தரமணி போய் இறங்குகிற நம் பிள்ளையிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. போகட்டும். கெஞ்சிக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். ‘வாய்ப்பில்லாத வட சென்னை மாணவர்களுக்காக’ என்று உருகி அழைக்கிற அழைப்பிதழும் வேண்டாம், ‘எங்க ஏரியா கெத்து’ என்கிற போஸ்டரும் வேண்டாம். இரண்டுமே வருகிறவனுக்குச் சங்கடம். அதோடு, வெளிப் பேச்சாளர் உங்களுக்கு இப்போதைக்குத் தேவையே இல்லை.

பிறகு இரண்டு மணி நேரம் என்னதான் செய்வது? 1975 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் தொடங்கியது. ஸ்டீவ் வாஸ்னியாக் தன் ஆப்பிள் 1 கணினியின் மின்சுற்று வரைபடத்தை வந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தது அந்தக் கிளப்பில்தான். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர்கள் கூட்டம் நடத்திய விதம். லீ ஃபெல்சென்ஸ்டைன் என்ற பொறியாளர் அதை இரண்டு பகுதியாகப் பிரித்து நடத்தினார். முதல் பகுதியில் யார் வேண்டுமானாலும் எழுந்து, தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன், எதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், என்ன வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டாவது பகுதியில் மேடை, வரிசை எதுவும் கிடையாது. ‘உனக்கு அந்த மெமரி சிக்கல் என்றாயே, நான் பார்த்திருக்கிறேன்’ என்று ஒருவரை ஒருவர் தேடிப் போவார்கள். அந்தக் கிளப் 1986 வரை நடந்தது.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதல் அரை மணி நேரம் ஆளுக்கு இரண்டு நிமிடம். கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரே கேள்வி போதும்: ‘இந்த வாரம் உன்னை அழவைத்த பிழை எது?’ அதற்குப் பதில் இல்லாத டெவலப்பர் உலகத்தில் கிடையாது. முதலாமாண்டு பிசிஏ பெண் ஒரு செமிகோலனைச் சொல்வாள். நீங்கள் உங்கள் அலுவலகத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்த சர்வரைச் சொல்லலாம். அனுபவம் உள்ளவனும் தடுமாறுகிறான் என்று புதியவருக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த முறை அவர் வந்துவிடுவார். மீதி நேரம் ஒரு லேப்டாப்புக்கு இரண்டு பேர். லேப்டாப் இல்லாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ‘லேப்டாப் கொண்டு வரவும்’ என்று அறிவிப்பில் போட்டுவிட்டால் அவர்கள் வரவே மாட்டார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, இருக்கிறவர் பக்கத்தில் இல்லாதவரை உட்காரவைத்து, விசைப்பலகையை இல்லாதவர் கையில் கொடுங்கள்.

கூடிப் பேசிக்கொண்டே இருந்தாலும் சில மாதத்தில் சலித்துவிடும். சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். அது நம் தெருவில் நின்று செய்கிற வேலையாக இருந்தால் நல்லது. நான் சொல்வது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம். 2015 வெள்ளத்தின்போது அந்த வரைபடத்தை அடிப்படையாக வைத்து, எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று சென்னை மக்களே குறித்தார்கள். நினைவிருக்கிறதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்ததை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நம் பக்கத்துச் சந்துகள், குடிநீர்த் தொட்டிகள், பொதுக் கழிப்பறைகள், மருந்துக் கடைகள் அந்த வரைபடத்தில் எந்த அளவு இருக்கின்றன என்று ஒரு ஞாயிறு உட்கார்ந்து பாருங்கள்.

இதற்கு லேப்டாப்பே வேண்டாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது. நடந்துகொண்டே போனால் ‘இந்தத் தெருவில் விளக்கு உண்டா?’, ‘இந்தக் கட்டடத்தில் எத்தனை மாடி?’ என்று கேட்கும், பதிலைத் தட்டினால் வரைபடத்தில் ஏறிவிடும். தெருப் பெயர்களைத் தமிழில் சேர்க்கத் தனிப் புலம் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: கூகுள் மேப்பைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது, உரிமம் அனுமதிக்காது. காலால் நடந்து, கண்ணால் பார்த்ததைத்தான் போட வேண்டும். அப்புறம்தான் நிரல் வருகிறது. ஓவர்பாஸ் என்ற சேவையில் கேள்வி எழுதி, நம் வார்டின் தெருவிளக்குத் தகவலை மட்டும் ஜேசன் என்ற தரவு வடிவில் எடுத்து, வரைபடம் காட்ட உதவும் லீஃப்லெட் என்ற நிரல் நூலகத்தை வைத்து ஒரு வலைப்பக்கத்தில் காட்டலாம். ஏபிஐ என்றால் என்ன, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ எதற்கு, ஒருவர் மாற்றியதை இன்னொருவர் எப்படிச் சரிபார்ப்பது, எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடும். நேர்காணலில் ‘என்ன ப்ராஜெக்ட் செய்தாய்?’ என்று கேட்டால், காசு கொடுத்து வாங்கிய ‘ஸ்டூடண்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம்’ பற்றி உளற வேண்டியதில்லை.

வேலை கிடைத்ததும் காணாமல் போகிறார்கள் என்று கோபப்படாதீர்கள். வேலைக்காகத்தானே வந்தார்கள்? கிடைத்துவிட்டது, சந்தோஷம். முதல் வருடம் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பெறுங்கள்: வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு வந்து, ரியாக்ட் மாதிரித் தொழில்நுட்பம் பற்றி வேண்டாம், ஆஃபர் லெட்டர் பற்றிப் பேச வேண்டும். ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்றால் கைக்கு எவ்வளவு வரும், பிஎஃப் எவ்வளவு பிடிப்பார்கள், ‘வேரியபிள்’ என்று எழுதியிருப்பது நிஜமாகவே வருமா, நோட்டீஸ் பீரியட் என்றால் என்ன, பாண்டில் கையெழுத்துக் கேட்டால் எதைப் படித்துப் பார்க்க வேண்டும், ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஏன் யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது. வீட்டில் முதல் பட்டதாரியாக இருக்கிற பிள்ளைக்கு இதைச் சொல்ல ஆளில்லை. நகரின் பெரிய சந்திப்புகளில் யாரும் இதைப் பேசுவதும் இல்லை. உங்கள் குழு மட்டுமே தரக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். இந்த ஒரு பேச்சுக்குக் கூட்டம் சேர்ந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

மொழி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: தமிழில் பேசுங்கள். லூப், ஃபங்ஷன், டேட்டாபேஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அதற்கு யாரும் அகராதி தேட வேண்டாம். பிழைச் செய்தியை ஆங்கிலத்திலேயே உரக்கப் படிக்கவையுங்கள், ஆனால் அது ஏன் வந்தது என்பதைத் தமிழில் சொல்லட்டும். காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் தமிழிலேயே கூடிப் பேசுகிறது. ‘கணியம்’ இணைய இதழ் 2012-லிருந்து கணினி பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது. அங்கே பழகியவர்கள் யாரும் அதனால் வேலை கிடைக்காமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்டர்வியூ பயம் நியாயமானதுதான், அதை ஒதுக்கித் தள்ளாதீர்கள். கடைசி இருபது நிமிடம் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் ஆங்கிலத்தில் மாதிரி நேர்காணல் வையுங்கள். தமிழில் புரிந்துகொண்டதை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவது சுலபம். புரியாததை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவன் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வான்.

வாட்ஸ்அப்புக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 340 பேர் குழுவை அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றி, அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறையாவது நேரில் வந்தவர்களுக்குத் தனியாகச் சின்னக் குழு. வேலை விளம்பரம் போடுகிறவர் தன் நிறுவனமா, தெரிந்த இடமா என்று சொல்லித்தான் போட வேண்டும். பணம் கட்டச் சொல்கிற வேலை எதுவும் உள்ளே வரக் கூடாது.

கடைசியாக அந்தப் பயிற்சி நிறுவனம். டீ-ஷர்ட் என்றதும் எனக்கு ஹாக்டோபர்ஃபெஸ்ட் ஞாபகம் வந்தது. நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலத் திட்டங்களுக்கு மக்கள் பங்களிக்கட்டும் என்று டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014-ல் நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்தது. நான்கு மாற்றங்கள் அனுப்பினால் டீ-ஷர்ட். 2020-ல் ‘ரீட்மீ’ என்ற விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பியே டீ-ஷர்ட் வாங்கிவிடலாம் என்று கிளம்பியவர்களால் குப்பை குவிந்து, திட்டங்களை நடத்துகிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2023-ல் டீ-ஷர்ட்டையே நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. உங்கள் குழுவிலும் டீ-ஷர்ட்டுக்கு வருகிறவர்கள் டீ-ஷர்ட்டோடு போய்விடுவார்கள்.

போன் நம்பர் அதைவிடப் பெரிய விஷயம். உங்களை நம்பி ஒருவர் தந்த எண்ணை வேறு காரணத்துக்கு வேறொருவருக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ‘உங்க பையனுக்கு ஹண்ட்ரட் பர்சென்ட் பிளேஸ்மென்ட்’ என்று போன் வர ஆரம்பித்தால் உங்களைத்தான் திட்டுவார்கள். டியூஷன் சென்டர் வாடகையும் டீயும் ஏழு பேர் பகிர்ந்தால் தாங்கும் செலவுதான். வேலையில் இருப்பவர் கொஞ்சம் கூடப் போடட்டும், மாணவரிடம் கேட்க வேண்டாம். யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, எதற்கு எவ்வளவு செலவானது என்பதை மட்டும் சின்னக் குழுவில் மாதாமாதம் போட்டுவிடுங்கள்.

உங்கள் நண்பன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் உங்களைப் போலவே அலுத்திருக்கும், யாராவது சுமையை வாங்கிக்கொண்டால் போதும் என்றிருக்கும். முதலில் சாவிகளைப் பங்கிடுங்கள், அதில் ஒன்றை அவரிடம் கொடுங்கள். அதற்குப் பிறகும் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து ஏதாவது நடத்த விரும்பினால், வேறு பெயரில் தாராளமாக நடத்தட்டும், சண்டை வேண்டாம். நிறுவனத்துக்கு இந்த வாரமே பதில் அனுப்பிவிடுங்கள். ‘உங்கள் ஆசிரியர் யாராவது ஒரு ஞாயிறு வந்து தொழில்நுட்பம் பற்றிப் பேசலாம், நன்றி சொல்லி உங்கள் பெயரையும் சொல்வோம், பட்டியல் தர முடியாது’ என்று எழுதினால் போதும். இழுத்துக்கொண்டே போனால், சேர்க்கை நேரத்தில் உங்கள் ஏழு பேரில் யாரையாவது தனியாகப் பிடித்து அந்தப் பட்டியலை வாங்கிவிடுவார்கள்.